மூன்றாவது பெட்டி

மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த மாதம். காலை ஏழு மணிக்கு முன்பே ஆய்வுக்கூடத்தின் பின்வாசலில் ஐந்து சைக்கிள்கள் வந்து நின்றுவிடும். ஒவ்வொன்றின் பின்னாலும் இரும்புச் சட்டம் அடித்து, மூன்று பெட்டிகளை அடுக்கிக் கட்டும்படி பட்டை வைத்திருக்கும். ஊரில் அங்கங்கே இருக்கும் சிறு மருத்துவமனைகளில் காலையில் எடுக்கிற ரத்தத்தை வாங்கிவந்து இங்கே சேர்ப்பதுதான் அந்தச் சைக்கிள்காரர்களின் வேலை. நிறுவனத்துக்கு ஒரு வேனும் உண்டு. ஏழரைக்கு மேல் அது பாலத்தில் ஏறினால் எப்போது இறங்கும் என்று ஓட்டுநருக்கே தெரியாது. அதனால் காலை நேரம் முழுக்க சைக்கிள்தான்.

ஐந்து பேரில் ஒருவனுக்கு நிதானம் என்று பெயர் வைத்திருந்தார்கள். தெரு வெறிச்சோடிக் கிடந்தாலும் சிவப்பு விளக்கு விழுந்தால் காலை ஊன்றி நின்றுவிடுவான். கையை நீட்டிக் காட்டாமல் ஒருநாளும் திரும்பியதில்லை. பிழைப்பு தேடி இந்த நாட்டுக்கு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. முதல் வருஷம் கிடங்கில் மூட்டை தூக்கினான். பிறகு இந்த வேலை கிடைத்தது. இங்கே தங்குவதற்கான அனுமதி அட்டையில் அவன் பெயருக்குக் கீழே நிறுவனத்தின் பெயரும் அச்சாகியிருந்தது. வேலை போனால் அட்டையும் செல்லாது.

பெயர் வைத்தவள் பெட்டி அக்கா. பெட்டிகளை வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருப்பவள்.

"நிதானம் வந்துட்டான்னா மணி எட்டு அம்பத்தஞ்சு. என் கடிகாரம் நின்னாலும் கவலையில்ல" என்பாள்.

"உங்க கடிகாரத்துக்குச் சாவி குடுக்கத்தானே அக்கா நான் மிதிக்கிறேன்."

"வாய் மட்டும்தான் வேகம்."

அவனுக்கு ஒதுக்கிய வழியில் மூன்று மருத்துவமனைகள். முதலில் பாலத்தடி. அங்கே ஒரு பெட்டி. அடுத்தது சந்தைக்குப் பின்னால், இரண்டாவது பெட்டி. கடைசியில் மேடு. அந்த ஏற்றத்தில் பாதிக்கு மேல் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அங்கே மூன்றாவது பெட்டியை வாங்கிக்கொண்டு, மேட்டின் மறுபக்கம் இறங்கினால் ஆய்வுக்கூடம். ரத்தம் எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஜன்னலில் சேர்த்துவிட வேண்டும். அதற்கு மேல் போனால் சில சோதனைகளுக்கு அந்த ரத்தம் உதவாது. கொட்டிவிட்டு மறுபடியும் எடுக்க வேண்டும்.

சட்டங்கள் மூன்றுதான். பெட்டியைத் திறக்கக் கூடாது. உள்ளே இருப்பது யாருடையது என்று கேட்கக் கூடாது. வழியை மாற்றக் கூடாது. இவற்றோடு நான்காவதாக அவனே ஒன்றைச் சேர்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு பெட்டியையும் பட்டையில் இறுக்கிய பிறகு அதன் மூடிமேல் உள்ளங்கையை வைத்து, "ஆண்டவரே, இதுக்குள்ள யாரு யாரு இருக்காங்களோ, எல்லாரும் நல்லாயிருக்கணும்" என்று மனதுக்குள் சொல்வான். மூச்சு வாங்குவதற்குள் முடிந்துவிடுகிற வேண்டுதல். மூன்று வருஷத்தில் ஒருநாளும் அதை விட்டதில்லை.

அவன் குடியிருந்தது ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில். ஒரு அறை, அதை ஒட்டி இரண்டு பேர் நின்றால் இடிக்கிற சமையலறை. ஈரத் துணி காய்வதற்கு இடமில்லாமல் கதவுக்குக் கதவு கயிறு கட்டியிருந்தது. கீழே மாடிப்படிக்கு அடியில் சைக்கிளைப் பூட்டி வைப்பான். மனைவி பக்கத்துத் தெருவில் பெரிய சலவை நிலையத்தில் விரிப்புகளை மடிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆறாம் மாதத்தில் கால் வீங்கத் தொடங்கியதும் நின்றுவிட்டாள். இப்போது ஏழு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை பத்தாவது வாரத்தில் கலைந்துபோனது. அப்போது வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை அவளுக்கு. யாரிடம் போவது, என்ன கேட்பது என்று தெரியாமல், நாலு நாள் படுத்திருந்துவிட்டு வேலைக்குப் போனாள். அவளுடைய ரத்தம் நெகட்டிவ் வகை, அவனுடையது பாசிட்டிவ். அப்படிக் கலைந்தால் மூன்று நாளைக்குள் ஓர் ஊசி போட்டிருக்க வேண்டும் என்று இந்த முறைதான் மருத்துவர் சொன்னார். போடாததால் பிள்ளையின் ரத்தத்தை எதிர்க்கிற ஏதோ ஒன்று அவள் ரத்தத்தில் ஊறியிருந்தது. அளவு குறைவாகவே இருந்தால் பயமில்லை. ஏறிக்கொண்டே போனால், பிள்ளைக்கு வயிற்றுக்குள்ளேயே ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். அதிலும் எல்லாப் பிள்ளைகளும் தப்புவதில்லை.

சென்ற சோதனையில் அளவு எல்லைக்கோட்டை ஒட்டி இருந்தது. அடுத்த சோதனை செவ்வாய்க்கிழமை காலை, பாலத்தடி மருத்துவமனையில்.

திங்கட்கிழமை மாலை அவளுடைய அம்மா கடல் தாண்டிப் போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் சமையலறையில் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்த அவனுக்கும் கேட்டது.

"காலைத் தொங்கப் போட்டு உக்காராதடி. தலையணை வச்சு மேல தூக்கு."

"தூக்கித்தாம்மா வச்சிருக்கேன். சுவத்துல சாஞ்சு எட்டுக்கால் பூச்சி மாதிரி கெடக்கேன்."

"நல்ல நாள்ல அப்படிப் பேசாத. மாப்பிள்ளை எங்க?"

"முட்டைக்குக் காவல் நிக்கிறாரு."

"இருக்கேன் அத்தை" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

"மாப்பிள்ளை, மழையில வண்டியைப் பாத்து ஓட்டுங்க. நாளைக்கு அவகூட நீங்க உள்ள போவீங்களா?"

"முடியாது அத்தை. அதே நேரத்துக்கு நான் அங்க பெட்டி எடுக்க வருவேன். வாசல்ல பாத்துக்குவோம்."

"அப்ப அவ ரத்தத்தை நீங்கதான் கொண்டு போவீங்களா?"

அதுவரைக்கும் அவன் அதை நினைத்துப் பார்க்கவில்லை. அடுப்பை அணைத்தான்.

"ஆமா அத்தை. நான்தான்."

"அப்ப பயமே இல்ல. பெத்தவன் கையில போகுது" என்றாள் மாமியார். அவள் நல்ல மனதோடு சொன்னதுதான். அந்த வார்த்தை அன்று ராத்திரி முழுக்க அவனுக்குள் உருண்டுகொண்டே இருந்தது.

செவ்வாய் காலை ஏழு ஐம்பதுக்குப் பாலத்தடி வாசலில் சைக்கிளை நிறுத்தியபோது அவள் வெளியே வந்துகொண்டிருந்தாள். முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"எடுத்தாச்சா?"

"ஆச்சு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்."

"வலிச்சுதா?"

"ஊசிதானே. நீங்க போங்க, நேரமாச்சு." அவனுடைய மழைச்சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டு, குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து போனாள். ஒரு கை வயிற்றின் அடியில் இருந்தது.

பெட்டி வந்தது. பட்டையை இறுக்கினான். மூடிமேல் கையை வைத்தான். எப்போதும் சொல்வது நாக்கு வரைக்கும் வந்து மாறிவிட்டது. "ஆண்டவரே, என் பிள்ளையைக் காப்பாத்து" என்று மட்டும் சொன்னான்.

இடதுபுறம் திரும்பினால் சந்தை. வலதுபுறம், வந்த வழியே போனால் இருபத்தைந்து நிமிஷத்தில் ஆய்வுக்கூடம். இந்தப் பெட்டியை அங்கே இங்கே அலைக்கழித்து, மேட்டில் குலுக்கி, கடைசியில் கொண்டுபோய்க் கொடுப்பதா? மழையில் எங்காவது சறுக்கினால்? நேரே போய்க் கொடுத்துவிட்டு வந்தால் என்ன? மற்ற இரண்டும் கொஞ்சம் தாமதமாகும். தாமதமானால்தான் என்ன, வேகமாக மிதித்தால் பிடித்துவிடலாம். இவ்வளவையும் அவன் நின்று யோசிக்கவில்லை. கை வலதுபுறம் நீண்டது, சைக்கிள் திரும்பியது.

எட்டேகாலுக்கு ஜன்னலில் அவனைப் பார்த்ததும் பெட்டி அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"என்னடா, ஒரு பெட்டிதானா? மத்தது?"

"பின்சக்கரத்துல காத்து இறங்குது அக்கா. பங்சர். வழியில நின்னா இதுவும் சேந்து நிக்கும். அதான் இதைக் குடுத்துட்டு, ட்யூபை மாத்திட்டு மத்ததுக்குப் போறேன்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் அவன். இருந்தும் அது எங்கோ தயாராக மடித்து வைத்திருந்ததுபோல வந்தது. அவள் கண்ணில் சந்தேகமே இல்லை. அதுதான் முதல் உறுத்தல்.

"புத்திசாலி. சரி ஓடு, மாத்திட்டு ஓடு."

அதன் பிறகு எதுவும் அவன் நினைத்தபடி நடக்கவில்லை. பாலத்தின்மேல் ஒரு லாரி நின்றுபோய், நடைபாதையிலும் ஆட்கள் நெருக்கினார்கள். சந்தையை அடைய எட்டு ஐம்பது. மேட்டில் மழை வலுத்துச் சாலையில் தண்ணீர் எதிர்த்து ஓடியது. ஏற்றம் முழுக்க இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. மேட்டு மருத்துவமனையின் நர்ஸ் வாசலிலேயே பெட்டியோடு நின்றாள். அவன் மறுபடி ஜன்னலுக்கு வந்தபோது மணி ஒன்பது நாற்பது.

பெட்டி அக்கா சந்தைப் பெட்டியைப் பார்த்து, "இது தப்பிச்சுது" என்றாள். மூன்றாவது பெட்டியிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். விரல் கணு அளவுகூட இல்லாத குப்பி. ஒட்டியிருந்த சீட்டில் எடுத்த நேரம் எழுதியிருந்தது. ஏழு இருபது. உதட்டைக் கடித்துக்கொண்டு அதைத் தனியாக வைத்துவிட்டு, மேட்டு மருத்துவமனைக்குப் போன் செய்தாள். அவன் ஜன்னலின் இந்தப் பக்கம் மழைச்சட்டை சொட்டச் சொட்ட நின்றிருந்தான்.

போனை வைத்தபின் அவள் குப்பியை மறுபடி எடுத்துச் சீட்டைப் பார்த்தாள்.

"என்ன அக்கா?"

"ஒரு சின்னப் பொண்ணு. நாலு வயசாம். சிறுநீரகக் கோளாறு. ரத்தத்துல உப்பு எவ்வளவுன்னு பாத்துத்தான் அன்னன்னைக்கு மருந்து குடுப்பாங்களாம். நரம்பே கிடைக்காதாம் அதுக்கு. அதனாலதான் எல்லாருக்கும் முன்னாடி அதை உக்கார வச்சு எடுக்கிறாங்க. இன்னைக்கு மூணாவது தடவை குத்தித்தான் இந்தச் சொட்டு வந்துச்சாம்."

"இப்ப?"

"இன்னைக்கு மறுபடி குத்த வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாராம். மருந்தைக் குறைச்சு, பொண்ணை அங்கயே படுக்க வச்சுப் பாத்துக்கிறாங்க. நாளைக்குக் காலையில திரும்ப எடுப்பாங்க." அவன் முகத்தைப் பார்த்தாள். "டேய், நீ என்னடா பண்ணுவ? சக்கரம் உன் பேச்சைக் கேக்குமா? மனசுல வச்சுக்காத. பிள்ளைய எதிர்பாத்துக்கிட்டு இருக்க நேரத்துல கண்டதையும் நினைக்காத."

பதிவேட்டில் தாமதத்துக்குக் காரணம் என்று போட்டிருந்த கட்டத்தில் பங்சர் என்று அவளே எழுதினாள்.

"அக்கா, பாலத்தடிப் பெட்டி... முதல்ல குடுத்தேனே. அதுல தாய்மாருங்களுக்கு எடுக்கிற அந்த எதிர்ப்புச் சோதனை, அது எப்ப போடுவாங்க?"

"அதா? அது தனித்தனியாப் போடமாட்டாங்க. ஊரு முழுக்க வந்ததைச் சேத்து மத்தியானம் மூணு மணிக்கு மொத்தமா. ஏன், வீட்டுல எடுத்தாங்களா இன்னைக்கு? நல்லதே வரும், போ."

எட்டேகாலுக்கு வந்ததும் மூன்று மணிக்குத்தான். ஒன்பதுக்கு வந்திருந்தாலும் மூன்று மணிக்குத்தான். அவன் சைக்கிளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

பின்வாசலில் தாடி நின்றிருந்தார். அவரும் சைக்கிள்காரர்தான். இருக்கிறவர்களில் மூத்தவர். பங்சர் செய்தி அதற்குள் அவருக்குப் போய்விட்டிருந்தது.

"மாத்து ட்யூபையும் போட்டுட்டியாமே? நாளைக்கு ஒண்ணுன்னா என்ன பண்ணுவ? இந்தா." புது ட்யூப் ஒன்றை அட்டைப்பெட்டியோடு நீட்டினார். "காசு கீசுன்னு ஆரம்பிக்காத. பிள்ளை பொறந்ததும் சர்க்கரை குடு, போதும்."

"வேணாம்ணே..."

"புடிடா. ஓட்டை விழுந்த பழசை நாளைக்குக் கொண்டா. எங்கிட்ட ஒட்டுறதுக்கு நல்ல பசை இருக்கு. உக்காந்து ஒட்டித் தர்றேன். வீட்டுல பொண்டாட்டியைக் கவனி, இதையெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

அவன் அந்த ட்யூபை வாங்கிக்கொண்டான். வாங்காமல் இருக்க ஒரு காரணமும் சொல்ல முடியவில்லை.

மாலை ஐந்து மணிக்கு மனைவியின் போனுக்குச் செய்தி வந்தது. அளவு ஏறவில்லை. சென்ற முறையைவிட ஒரு படி கீழேயே இருந்தது. இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம். அவள் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டாள். உடனே அம்மாவுக்குப் போன் செய்தாள். அங்கே அவள் அம்மா அழுது, பிறகு பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொல்லி, பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள்.

"என்னங்க, அம்மா உங்ககிட்டப் பேசணுமாம்" என்று திரும்பினாள். அறையில் அவன் இல்லை.

சமையலறையில் கதவை ஒருக்களித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தான். மடியில் அவனுடைய பழைய மாற்று ட்யூப். ஒரு பொத்தல்கூட இல்லாதது. கையில் அவளுடைய தையல் ஊசி. ரப்பரை விரலில் இழுத்துப் பிடித்து, ஊசியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.

அவள் போனை வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"நல்ல ட்யூபை எதுக்குங்க குத்துறீங்க?"

"ஓட்டை இருக்கான்னு பாத்தேன்."

"ஊசியால ஓட்டையைப் பாப்பாங்களா? ஓட்டை போடுவாங்க."

அவன் நிமிரவில்லை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, கவிழ்த்து வைத்திருந்த வாளியின்மேல் உட்கார்ந்தாள். அந்தச் சின்ன இடத்தில் அவள் முழங்கால் அவன் தோளில் பட்டது.

"சொல்லுங்க."

அவன் சொன்னான். வலதுபுறம் திரும்பியதிலிருந்து தாடி நீட்டிய புது ட்யூப் வரைக்கும். நாளைக்கு அவரிடம் கொடுக்க ஓட்டை விழுந்த ட்யூப் ஒன்று வேண்டும் என்பதையும் சொன்னான்.

"எனக்காகவா திரும்புனீங்க?"

"பிள்ளைக்காக."

"பிள்ளை கேட்டுச்சா?"

அவன் ஊசியை விரல்களுக்கிடையில் உருட்டினான்.

"முன்னாடி கொண்டுபோனதாலதான் நல்ல பதில் வந்துச்சோ?" என்று அவளே ஒரு கணம் தடுமாறினாள். அந்த நினைப்பில் ஒரு பயமும் இருந்தது.

"இல்ல. மூணு மணிக்கு மொத்தமாத்தான் போடுவாங்களாம். நான் எப்பக் கொண்டுபோயிருந்தாலும் ஒண்ணுதான்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த வாய் அப்படியே கோணிக்கொண்டு அழுகையானது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணுக்கு எத்தனை தடவை குத்துனாங்கன்னு சொன்னீங்க?"

"மூணு."

"எனக்கு ஒரு தடவைக்கே முகத்தைத் திருப்பிக்கிட்டேன். நாலு வயசுல அது எந்தப் பக்கம் திரும்பும்?"

"சொல்லிடலாம்னுதான் இருக்கு. வாக்கிக்குத் தெரிஞ்சா வேலை இருக்காது." வாக்கி என்பது சைக்கிள்காரர்களை அனுப்புகிற மேற்பார்வையாளர். எந்நேரமும் ஏதாவது ஒரு கருவியைக் காதில் வைத்திருப்பவர். "வழியை மாத்துனதுக்குப் போன வருஷம் ஒருத்தனை அன்னைக்கே அனுப்பிட்டாரு. வேலை போனா அட்டை போகும். உனக்கு ஏழு மாசம்."

"எனக்கு எத்தனை மாசம்னு எனக்குத் தெரியாதா? நான்தானே சுமக்கிறேன்." வாளியின்மேல் நகர்ந்து உட்கார்ந்தாள். "பயமாத்தான் இருக்கு. இல்லன்னு சொல்லல. ஏழு மாச வயித்தோட எந்த விமானத்துல ஏத்துவாங்க, எங்க போய் நிப்போம், எல்லாம் பயமாத்தான் இருக்கு. ஆனா நாளைக்கு இந்த ட்யூபை நீங்க அந்த அண்ணன் கையில குடுப்பீங்க. அவரு வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போகாம உக்காந்து, பசை தடவி, ஊதி ஊதி ஒட்டுவாரு. பக்கத்துல நின்னு நீங்க அதைப் பாத்துக்கிட்டு இருப்பீங்களா?"

அவன் ஊசியைத் தரையில் வைத்தான்.

"என்ன செய்யணும்னு நான் சொல்லமாட்டேன்" என்று அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். "கஞ்சி ஆறுது. சாப்பிட வாங்க."

மறுநாள் மழை இல்லை. வானம் மட்டும் இறங்கிக் கிடந்தது. பின்வாசலில் தாடி பசைக் குப்பியைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"எங்கடா பழசு?"

"ஓட்டையே விழலண்ணே. பங்சர் ஆகல. நான் வழியை மாத்துனேன். வீட்டுல எடுத்த ரத்தம் அந்தப் பெட்டியில இருந்துச்சு." அட்டைப்பெட்டி பிரிக்காத ட்யூபை நீட்டினான்.

தாடி அதை வாங்கவில்லை. அவனைப் பார்த்தார். பிறகு அவனுடைய சைக்கிளைப் பார்த்தார், அதுவும் சேர்ந்து குற்றம் செய்ததுபோல.

"அந்தப் பொண்ணு விஷயம் தெரியுமில்ல?"

"தெரியும்ணே."

"ம்." பசைக் குப்பியை மூடினார். "ட்யூப் உன்கிட்டயே இருக்கட்டும். நான் குடுத்தது பங்சருக்கு இல்ல." சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

வாக்கி அன்று காலை கூட்டம் ஒன்றில் இருந்தார். கதவு மூடியிருந்தது. ஏழரைக்கு மேல் காத்து நிற்க முடியாது. அவன் கிளம்பினான். பாலத்தடி. சந்தை. இரண்டு பெட்டிகளோடு மேட்டில் தள்ளிக்கொண்டு ஏறினான்.

மேட்டு மருத்துவமனையில் பெட்டி இன்னும் கட்டி முடியவில்லை. பெட்டி கொடுக்கிற நர்ஸ், "ஒண்ணு பாக்கி இருக்கு, வழக்கத்தைவிட லேட்டாயிடுச்சு. அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினாள். கதவு திறந்திருந்தது. உள்ளே நாலு வயதிருக்கும் ஒரு சிறுமி நாற்காலியில் தன் தாயின் மடியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்துக்கொண்டிருந்தாள். தாய் நகரப் பேருந்து ஓட்டுகிறவர்களின் நீலச் சட்டையில் இருந்தாள். நேற்று போட்டதாக இருக்க வேண்டும், கசங்கியிருந்தது. கண் சிவந்திருந்தது.

ரத்தம் எடுக்கிற அறைக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள். அவன் வாசற்படியில் நின்றபடி, "அம்மா" என்றான்.

அவள் திரும்பினாள்.

"நேத்து உங்க பொண்ணோட ரத்தம் வீணாப்போனது என்னாலதான். பங்சர்னு சொன்னது பொய். இன்னொரு இடத்துல என் வீட்டம்மாவுக்கு எடுத்ததை முதல்ல கொண்டுபோய்ச் சேக்கணும்னு வழியை மாத்திட்டேன். அவ ஏழு மாசம். அது ஒரு காரணம் இல்ல. உங்ககிட்டச் சொல்லணும்னு வந்தேன்."

நர்ஸ் கையில் பஞ்சோடு அப்படியே நின்றாள். தாய் அவனைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பும் இல்லை, கோபமும் இல்லை. களைப்புதான் இருந்தது.

"நேத்து ராத்திரி முழுக்க இவ மூச்சை எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தேன்" என்றாள். "உங்களை உக்கார வச்சுத் திட்டணும்னா எனக்கு இன்னொரு நாள் வேணும். இப்ப நேரமில்ல." குரலை அடக்கிக்கொண்டாள். "செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க. கையைக் கழுவுங்க. இவளை ஒரு ஆளாப் புடிக்க முடியல."

அவன் நர்ஸைப் பார்த்தான். அவள், "வாங்க" என்று தலையசைத்தாள்.

அவன் கையைக் கழுவிவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தான். சிறுமி அவனை முறைத்தாள்.

"நீ யாரு?"

"சைக்கிள்காரன்."

"நீயும் ஊசி போடுவியா?"

"இல்லம்மா. எனக்கு ஊசின்னா பயம்."

"பெரியவங்க பயப்படக் கூடாது" என்றாள் கண்டிப்பாக.

"சரி. அப்ப நான் பயப்படாம இருக்க, என் விரலைப் புடிச்சுக்கிறியா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கையை எடுத்து அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்தாள். அந்தப் புறங்கையில் நேற்றைய ஊசித் தடங்கள் மூன்று நீலமாகக் கன்றியிருந்தன. மற்றக் கையைத் தாய் மெல்ல வெளியே எடுத்து நீட்டினாள். நர்ஸ் குனிந்தாள். ஊசி இறங்கியபோது அந்தச் சின்னப் பிடி எலும்பு வலிக்கிற மாதிரி இறுகியது. அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை. முதல் முறை கிடைக்கவில்லை. அவள் அலறினாள். இரண்டாவது முறையில் குப்பிக்குள் ஒரு சிவப்புக் கோடு மெதுவாக இறங்கியது.

நர்ஸ் சீட்டில் நேரத்தை எழுதி, குப்பியைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். தாய் மகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வாசல் வரைக்கும் வந்தாள். அவன் பட்டையை இறுக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னைக்கு இதை நேரா கொண்டு போயிடுவீங்களா?"

"நேராத்தாம்மா. ஆனா இதுக்குன்னு தனியா இல்ல. மத்த ரெண்டு பெட்டியும் ஏற்கெனவே இருக்கு. மூணும் சேந்துதான் போகும். நேரத்துக்குள்ள போயிடும்."

அவள் மற்ற இரண்டு பெட்டிகளையும் பார்த்தாள். பிறகு, "அப்படியே போங்க" என்றாள். சற்று நின்று, "பாலத்துல கையை நீட்டிக்கிட்டே போற ஆளு நீங்கதானே? என் பஸ்ஸுக்கு முன்னாடி தினமும். எத்தனை நாள் உங்களைத் திட்டியிருக்கேன் தெரியுமா, எவ்வளவு மெதுவாப் போறாருன்னு" என்றாள். சிரிக்கவில்லை. சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவன் சைக்கிளைத் திருப்பும்போது போன் அடித்தது. வாக்கி.

"எங்கடா இருக்க? எட்டரைக்கு மேட்டை விட்டிருக்கணும். மணி என்ன இப்ப? மறுபடி பங்சரா?"

ஒரே ஒரு வார்த்தை போதும். அதையும் அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"இல்லண்ணே" என்றான். "நேத்தும் பங்சர் இல்ல. நான் வழியை மாத்துனேன். எனக்காக மாத்துனேன். காலையிலயே சொல்ல வந்தேன், கதவு மூடியிருந்துச்சு. அக்கா எழுதுனது நான் சொன்ன பொய்யைக் கேட்டுத்தான். அவங்க மேல தப்பில்ல."

அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை நகர்த்துவது கேட்டது.

"இப்ப கையில எத்தனை பெட்டி?"

"மூணுண்ணே."

"மணி?"

"எட்டு நாப்பத்திரண்டு."

"முதல்ல அதைக் கொண்டுவந்து சேரு. வந்த உடனே என் ரூமுக்கு வா." போனை வைக்கும் முன் ஒரு மூச்சு கேட்டது. "இறக்கத்துல ஈரமா இருக்கும். பிரேக்கைப் பாத்துப் புடி."

அவன் போனைப் பையில் போட்டான். என்ன நடக்கும் என்று தெரியவில்லை. வீட்டில் அவள் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்தபடி அவன் போனுக்குக் காத்திருப்பாள். அவளிடம் சொல்லவும் இன்னும் ஒன்றும் இல்லை. விரல் கணுவில் சிறுமியின் நகம் பதிந்த இடம் சிவந்திருந்தது. பெடலில் காலை வைத்து, மூன்று பெட்டிகளின் கனமும் பின்னால் ஒன்றாக அசைய, இறக்கத்தில் இறங்கினான்.